அத்தை கேட்டு வாங்கிய படம்

படம் என்றால் இரண்டே வகைதான் என்பது அத்தையின் கட்சி. பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துத் தின்னத் தோன்ற வேண்டும். இரண்டும் தோன்றாத எதுவும் அவளைப் பொறுத்தவரை சுவருக்குப் பிடித்த சொறி. போடியில் அவள் வீட்டு ஹாலில் இந்தக் கொள்கைக்கு இரண்டு சாட்சிகள் எதிரெதிர்ச் சுவரில் தொங்கின. ஒரு பக்கம் தங்க ரேக்கும் கல்லும் பதித்த தஞ்சாவூர்க் கிருஷ்ணன், கையில் வெண்ணெய். மறுபக்கம் லேமினேஷன் செய்த பழக்கூடை. அதில் திராட்சை, அன்னாசி, பாதி வெட்டிய தர்பூசணி. கிருஷ்ணனுக்குத் தினமும் பூ. பழக்கூடைக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணி.

நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பியவள். அதாவது, கும்பிடவும் முடியாத தின்னவும் முடியாத படங்களை வரைவதற்கென்றே அப்பாவின் காசைக் கரைத்தவள். அத்தை அப்பாவின் தங்கை, ஆகவே நான் அவளுக்கு மருமகள். அவளுக்கு மகன் கிடையாது என்பதால் அந்த முறையால் எனக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் “மருமவளே” என்று அவள் இழுத்துக் கூப்பிடும்போதே எனக்குத் தலைவலி தொடங்கிவிடும். பின்னால் ஒரு குத்தல் வருகிறது என்று அர்த்தம்.

“மருமவளே, பிள்ளையார் பிடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சாக்கூடப் பரவால்ல. கொரங்குன்னாவது தெரியும். நீ பிடிச்சு வச்சிருக்கியே, இது என்னாத்தா?”

நவீன ஓவியம் எப்படிப் பிறந்தது, ஏன் பிறந்தது என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறேன். அத்தையிடம் அதில் ஒரு வரி செல்லாது. “கேமரா வந்துருச்சு அத்தே, அச்சு அசலா வரையிறதுக்கு இனிமே ஆளு வேண்டாம்” என்றேன் ஒருமுறை.

“மிக்சி வந்துருச்சுன்னு அம்மியத் தூக்கி எறிஞ்சியா? மீன் கொழம்புக்கு அம்மியில அரச்சாத்தான் ருசின்னு போன வாரம் சொன்னது ஆரு?”

சொன்னது நான்தான். இப்படித்தான் முடியும் எங்கள் கலை விவாதம் ஒவ்வொன்றும். அத்தை இப்போது இல்லை. இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு, எழுத்தாவது புரிகிற மாதிரி இருக்கிறதே என்று சொல்லியிருப்பாள்.

அவளுக்குக் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. மாமா போன பிறகு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் அவளே பார்த்துக்கொண்டாள். தட்டில் கொட்டிய ஏலக்காயில் ஒன்றை எடுப்பாள். விரலால் அழுத்துவாள், நகத்தால் கீறி உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாள், மோந்து பார்ப்பாள். அதோடு தீர்ப்பு. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும் என்பது அவள் நினைப்பு. ஒரு நாள் என் அறைக்கு வந்தவள், அப்போதுதான் முடித்து ஈரம் காயாமல் சாத்தி வைத்திருந்த ஓர் எண்ணெய் வண்ணப் படத்தின் ஓரத்தை நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள்.

“உள்ள ஒண்ணுமில்லையே?”

நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். நான் ஏன் கத்துகிறேன் என்று அத்தைக்குப் புரியவே இல்லை. “கீறாம எப்புடி மதினி தெரியும்?” என்று அம்மாவிடம் நியாயம் கேட்டாள். அம்மா வழக்கம்போல இரண்டு பேருக்கும் காபி போடப் போய்விட்டார். அந்தக் கீறலை மறைக்க நான் நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். மறைத்த இடம் படத்திலேயே நன்றாக அமைந்துவிட்டது என்பது வேறு விஷயம். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் பிரஷ்ஷையே கேட்டிருப்பாள்.

பழைய கலை என்று பேச்சு வந்துவிட்டால் அவளைப் பிடித்து நிறுத்த முடியாது. மதுரைக்கு யார் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைக் கோயிலுக்குள் இழுத்துக்கொண்டு போய் ஒரு தூணுக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். “பாத்துக்க. கல்லுல நகத்தக்கூட விடல பாரு. கால் வெரல்ல மிஞ்சி கெடக்கு. இவனுக்கெல்லாம் ரெண்டு கோட்ட இழுத்துட்டு மலைன்னு சொல்லத் தெரியாமயா இருந்துச்சு?”

அவள் சொல்வது சரிதான். அந்தத் தூணுக்கு முன்னால் நின்றால் எனக்கும் பேச்சு வராது. எனக்கு எரிச்சல் எதிலென்றால், அவள் அந்தச் சிலையைப் பார்க்கவே மாட்டாள். எண்ணுவாள். விரல் எல்லாம் இருக்கிறதா, வளையல் எத்தனை, மாலையில் முத்து எத்தனை. கணக்கு சரியாக இருந்தால் “கலைன்னா இது” என்று சொல்லிவிட்டுப் பிரசாத ஸ்டாலுக்குக் கிளம்பிவிடுவாள். ஒருமுறை பொறுக்க முடியாமல் அடுத்த தூணில் இருந்த யாளியைக் காட்டிக் கேட்டேன்.

“இத எங்க அத்தே பாத்தீங்க? சிங்கத்துக்குத் தும்பிக்க இருக்கு. இது மட்டும் அச்சு அசலா?”

அத்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அந்தக் காலத்துல இருந்துச்சு. செத்துப்போச்சு.”

“செத்துப்போச்சா?”

“பின்ன? இல்லாததையா ஒருத்தன் மெனக்கெட்டுக் கல்லுல செதுக்குவான்? ஒன்னைய மாதிரி சோலியத்தவனா அவன்?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கோயில் என்பதால் மெதுவாக அடித்துக்கொண்டேன்.

ஊரில் எனக்கு ஆதரவாக ஒரே ஒரு குரல் இருந்தது. அது இன்னும் மோசம். அத்தைக்கு அடுத்த வீட்டில் ஒரு பாய் இருந்தார். ஏலக்காய் வியாபாரம், வயதானவர், பொறுமைசாலி. அத்தையின் பக்கத்து வீட்டில் குடியிருக்கப் பொறுமைசாலியாகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு என் படங்கள் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று ஒரு நாள் ஆசையாகக் கேட்டேன்.

“நம்ம வீட்டுல உருவம் மாட்டுறதில்ல ஆத்தா. ஒன் படத்துல பாத்தியா, கண்ணு இல்ல, மூக்கு இல்ல, ஒரு ஆளு கெடையாது. பாக்க நிம்மதியா இருக்கு. பச்சையில ஒண்ணு இருந்தா கொண்டா, ஹால்ல மாட்டிக்கிறேன்.”

அத்தை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “அண்ணே, நீங்க வேற. நிம்மதிக்கு வெறுஞ் செவரு போதாதா? அதுக்கு ஒருத்திய மெட்ராசுக்கு அனுப்பிப் படிக்க வைக்கணுமா?”

என் படத்தில் ஒன்றும் இல்லை என்பது அத்தைக்குக் குறை. பாய்க்கு அதுவே நிறை. ஒன்றும் இல்லை என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

இத்தனைக்கும் அத்தைக்குக் கண் இல்லை என்று சொல்ல முடியாது. ஊரில் ஒரு பேங்கில் வரவேற்பு மேஜைக்கு மேலே ஒரு நவீன ஓவியம் மாட்டியிருந்தார்கள். நீலமும் சாம்பலும் கலந்த பெரிய கட்டங்கள். நாங்கள் நகையைத் திருப்பப் போயிருந்தோம். அத்தை உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே இருந்தாள். கடைசியில் எழுந்து போய் மேனேஜரிடமே சொல்லிவிட்டாள்.

“சார், அந்தப் படத்தத் திருப்பி மாட்டுங்க. பாரம் பூரா மேல கெடக்கு, தலையில விழுந்துரும்போல இருக்கு.”

எனக்கு மானம் போயிற்று. “அத்தே, அது அப்படித்தான், வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தார். வரைந்தவனின் கையெழுத்து மேல் மூலையில் தலைகீழாக இருந்தது. ஓவியம் படித்த எனக்குத் தெரியவில்லை, இவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வீடு திரும்பும்வரை அவள் சொல்லிக்கொண்டு வந்தது என்ன? “தலகீழா மாட்டுனாலும் ஒருத்தனுக்கும் தெரியல பாத்தியா? இதெல்லாம் ஒரு படம்!” உங்களுக்குத் தெரிந்ததே அத்தை, அதை ஏன் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டால், “எனக்குப் பாரம் தூக்கிப் பழக்கம்” என்றாள்.

இதற்கிடையில் அப்பா ஆசை ஆசையாக ஒரு வீடு கட்டினார். குடிபுகுந்த வருடம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், மத்தியானம் இல்லை. அதற்குப் பிந்தைய மாதங்களில் அந்தப் புது வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் ஒரு படம் வரைந்தேன். கதவு அளவுக்குப் பெரிய படம். மழை இறங்குவதற்கு முன்னால் போடி மலை கறுத்துப் பக்கத்தில் வந்து நிற்குமே, அந்தக் கறுப்பு. அதற்கு அடியில் ஏலச்செடி நிழலின் பச்சை. நடுவில் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாத ஒரு சிவப்பு. அப்பா போன துக்கம் முழுவதும் அதில்தான் போய் இறங்கியது. அதுபோல ஒன்றை அதற்கு முன்னும் நான் வரைந்ததில்லை, பின்னும் வரையவில்லை.

அத்தை வந்து பார்த்தாள். கீறவில்லை, மோந்து பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கேட்டாள். “இத எனக்குத் தருவியா மருமவளே?”

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். “நெசமாவா அத்தே?”

“நெசமாத்தான். இது எத்தன அடி இருக்கும்? மழ பட்டாத் தாங்குமா?”

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வீட்டுக்குள் எதற்கு அத்தை மழை என்று சிரித்தேன். “சும்மா கேட்டேன்” என்றாள். நான் அன்றைக்கே சென்னைத் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டு, பழைய கலைக் கட்சி சரணடைந்துவிட்டது என்று தம்பட்டம் அடித்தேன். கிருஷ்ணனுக்குப் பக்கத்திலா, பழக்கூடையை இறக்கிவிட்டு அந்த இடத்திலா, எங்கே மாட்டுவாள் என்று மனக்கணக்கு வேறு போட்டுப் பார்த்தேன்.

அத்தை அப்போது குரங்கணி ரோட்டில் ஏலக்காய் காயவைக்க ஒரு ஸ்டோரும் அதற்கு மேலே வீடுமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அந்த வழியாக பஸ்ஸில் போனேன். கட்டடம் வந்தது. முன்பக்கச் சாரத்தில், இந்தப் பக்கம் பல்லைக் காட்டும் முகம் வரைந்த பூசணிக்காய். அந்தப் பக்கம் ஒற்றைச் செருப்பு. நடுவில், நாலு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய என் படம்.

கண்திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருந்தாள். ஊரார் பொறாமையெல்லாம் கட்டடத்தின் மேல் விழாமல் அதன் மேல் விழட்டும் என்று. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “ஆத்தாடி, என்னடி இது?” என்று பக்கத்தில் இருந்தவளை உலுக்கினாள். இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி ஓடினேன்.

“இதுக்குத்தான் கேட்டீங்களா?”

“வேற எதுக்கு?” அத்தைக்கு என் கோபம் நிஜமாகவே ஆச்சரியம். “பூசணிக்காயப் பாத்துப் பாத்துச் சனங்களுக்குப் பழகிப்போச்சுடி. அத ஒரு பார்வ பாத்துட்டு நேரா வீட்டப் பாத்துருறான். ஒன் படத்தப் பாத்தான்னா கண்ணு அங்கயே நின்னு போகுது. என்னா ஏதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டே போயிர்றான். வீட்டப் பாக்க அவனுக்கு ஏது நேரம்? கிருஷ்ணர மாட்டுனா ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்தாப்புல வீட்டத்தான பாப்பான்?”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பார்க்கிறவன் கண்ணை ஒரு படம் பிடித்து நிறுத்த வேண்டும் என்று கல்லூரியில் எங்கள் வாத்தியார்கள் தொண்டை கிழியச் சொன்னதைத்தான் அவள் சொல்கிறாள். சொல்லிவிட்டு அதைக் கொண்டுபோய்ச் செருப்புக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறாள்.

கழற்றித் தர மாட்டேன் என்றுவிட்டாள். பாதியில் இறக்கினால் கட்டடத்துக்கு ஆகாதாம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் கொச்சியிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு ஓவியக் கண்காட்சி நடத்துகிறவர்கள் நான் அனுப்பியிருந்த போட்டோக்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பும் பச்சையுமான படம் வேண்டும், அது மட்டும் போதும் என்றார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் என் படத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்க அத்தையிடம் ஓடினேன்.

“பால் காச்சுறதுக்கு மொத நாளு எறக்கிரலாம்” என்றாள். கொச்சிக்காரர்கள் அதுவரை பொறுக்கச் சம்மதித்தார்கள். நான் நிம்மதியாக, இறக்கிய பிறகு எங்கே வைப்பீர்கள், நான் வண்டியோடு வந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“வைக்கிறதா? முச்சந்தியில போட்டுக் கொளுத்தணும்டி.”

அதற்குப் பிறகு நடந்ததைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது. வேறு படம் வரைந்து தருகிறேன், அதைக் கொளுத்துங்கள் என்றேன். “கண்ண வாங்குனது இது. அதக் கொளுத்தி என்னாத்துக்கு?” என்றாள். கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து, சிராய்ப்புகூட இல்லாமல் எழுந்து போனதைச் சொல்லி, “அவன யாரு காப்பாத்துனது?” என்றாள். கீழே கொட்டியிருந்த மணல் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பாய் வந்து சமாதானம் பேசினார். “தங்கச்சி, புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கப் போகுது. பள்ளிவாசல்ல ஓதுன தண்ணி வாங்கித் தர்றேன், தெளிச்சுட்டுக் குடுத்துரு.”

“வேற யாருக்குன்னாலும் குடுத்துருவேண்ணே. இவளுக்குக் குடுக்க மாட்டேன்.”

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மத்தியானம், அவள் வருவதற்குள் நானே கட்டடத்துக்குப் போனேன். அவிழ்த்துத் தரச் சொன்னால் கொத்தனார்கள், “அக்கா, அம்மா சொல்லாம நாங்க தொட மாட்டோம்” என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நானே ஏணியில் ஏறி ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அடுத்த மூலைக்குக் கை வைக்கும்போது கீழேயிருந்து சத்தம் வந்தது.

“தொடாதடீ!”

அத்தையின் குரலா அது? எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். அவள் பயந்து நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால், ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

“எங்கண்ணன் வீடு கட்டுனப்ப ஒரு பூசணிக்காயாச்சும் கட்டுண்ணேன்னு காலப் பிடிக்காத கொறையாச் சொன்னேன். பழைய பஞ்சாங்கம்னு சிரிச்சான். வருசம் திரும்பல. இது ஊர்க்கண்ணு பூராத்தையும் குடிச்சுட்டு நிக்கிது. இத ஒங் கையில குடுத்து மலையேத்திக் கொச்சிக்கு அனுப்பச் சொல்றியா? எங்கண்ணன்னு எனக்கு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதான்டி.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “நீ ஒண்ணுமில்லாத படமா வரஞ்சிருந்தா எப்பவோ குடுத்திருப்பேன்.”

மறுத்துப் பேச எனக்கு ஆயிரம் இருந்தது. மாரடைப்பு பூசணிக்காயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற நோய் இல்லை. படத்தில் இருப்பது துணியும் எண்ணெயும். எல்லாம் வாய்வரை வந்தது. ஆனால் என் படத்தில் ஏதோ இருக்கிறது என்று இவ்வளவு உறுதியாக நம்பிய ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கொச்சிக்காரர்கள் அதை அழகு என்றுதான் சொன்னார்கள். இவள் அதைப் பார்த்து நடுங்குகிறாள். கோபம் தாங்காமல் அழுதுகொண்டே இறங்கினேன். கொச்சிக்குப் போன் செய்து படம் இல்லை என்றேன். என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்டதற்கு, எங்கள் அத்தையை எப்படி விளக்குவது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொத்தனார்கள் படத்தை இறக்கினார்கள். கட்டடத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் முந்தல், மூணாறு ரோடும் குரங்கணி ரோடும் பிரிகிற இடம். தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரமாக வைத்தார்கள். பூசணிக்காயை உடைத்தாயிற்று. உப்பும் மிளகாயும் போட்டு அத்தை சூடத்தைப் பற்றவைத்தாள். எண்ணெய் வண்ணம் சட்டென்று பிடித்துக்கொண்டது. முதலில் கறுப்பு கொப்புளித்தது, பிறகு பச்சை. சிவப்பு எரிவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

“வா. திரும்பிப் பாக்காம நட. என்னா சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது” என்று சொல்லிவிட்டு அத்தை குரங்கணி ரோட்டில், கட்டடத்தைப் பார்த்து முன்னால் நடந்தாள்.

நான் பின்னால் போனேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நினைத்தால் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை, பார்த்தால் தாங்காது என்றுதான். சிறிது தூரம் போயிருப்போம். முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தை நின்றாள். திரும்பினாள். என்னைத் தாண்டி, நாங்கள் விட்டுவிட்டு வந்த இடத்தைப் பார்த்தாள். நான் அவளை எட்டி, அவளைக் கடந்து போன பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

“அத்தே, திரும்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“குரங்கணியிலருந்து பஸ்சு வருதான்னு பாத்தேன்” என்றாள்.

குரங்கணியிலிருந்து வருகிற பஸ் எங்களுக்கு எதிரேதான் வரும்.